ஸ்பிரிங் கால் போட்ட பிறகு தரையிறங்கும்போது ட்ரோன் துள்ளிக் கவிழ்கிறது, என்ன செய்யலாம்?

கரிசல்காடு எழுதியது:

வணக்கம். சாத்தூர் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எஸ்500 ஃப்ரேமில் நானே கட்டிய குவாட்காப்டர் ஒன்று வைத்திருக்கிறேன். 2212 மோட்டார், 920 கேவி, 10 இஞ்ச் ப்ராப் (விசிறி), 3எஸ் 5200 பேட்டரி, பறப்பைக் கட்டுப்படுத்த பிக்ஸ்ஹாக் 2.4.8 போர்டு, அதில் ஆர்டுகாப்டர் மென்பொருள். அடியில் கிம்பலோடு (கேமராவை ஆடாமல் பிடிக்கும் தாங்கி) ஒரு சின்ன கேமரா. மொத்தம் 1,620 கிராம். அப்பாவின் பருத்திக் காட்டை மேலிருந்து படம் எடுத்து, எந்தப் பக்கம் செடி வாடுகிறது என்று பார்ப்பதற்காகத்தான் இதைக் கட்டினேன்.

எங்கள் நிலம் கரிசல். வெயில் ஏற ஏறப் பாளம் பாளமாக வெடித்துவிடும். சில வெடிப்புகளில் கை முழுவதும் உள்ளே போகும். முதலில் ஃப்ரேமோடு வந்த விறைப்பான கார்பன் குழாய்க் கால்தான் இருந்தது. ஒருமுறை கொஞ்சம் வேகமாக இறங்கியதில் கிம்பல் தட்டு விரிந்துவிட்டது. அதனால் பெட்ஜி பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்ட் செய்து, பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங் காலுக்கு இரண்டு வீதம் போட்டு, அமுங்கும் கால்கள் நான்கு செய்தேன். கூடுதல் எடை 84 கிராம். உயரம் 3 செ.மீ. கூடியது. முன்பு ப்ராப்புக்கும் தரைக்கும் 21 செ.மீ. இடைவெளி, இப்போது 24.

அதற்குப் பிறகுதான் பிரச்சினையே. லேண்ட் மோடில் (தானாகத் தரையிறங்கும் முறையில்) விட்டால் தரையைத் தொடுகிறது, எழும்புகிறது, அரை நொடிக்கு மேல் மிதக்கிறது, கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்து மறுபடி தொடுகிறது, மறுபடி எழும்புகிறது. இரண்டு முறை கவிழ்ந்துவிட்டது. கடைசியாகப் போன செவ்வாய்க்கிழமை கால் ஒரு வெடிப்புக்குள் மாட்டி, இரண்டு ப்ராப் உடைந்து, கிம்பல் ரிப்பன் கேபிளும் அறுந்துவிட்டது. மெதுவாக இறங்கட்டும் என்று லேண்ட் ஸ்பீடை 50லிருந்து 30 ஆகக் குறைத்தேன். அப்புறம் துள்ளல் இன்னும் மோசமாகிவிட்டது.

ஸ்பிரிங்கை இன்னும் மென்மையாக்க வேண்டுமா, விறைப்பாக்க வேண்டுமா? கிரவுண்ட் எஃபெக்ட்தான் (தரையருகே ப்ராப்பின் தூக்கும் விசை கூடுவது) காரணம் என்று ஒரு நண்பர் சொன்னார். அதற்கும் ஸ்பிரிங்குக்கும் என்ன தொடர்பு? கால்களை இன்னும் உயர்த்தினால் சரியாகுமா?


நாலுவிசிறி எழுதியது:

நண்பா, ஸ்பிரிங்கைக் கழற்றிவிடு. ஏசி மெக்கானிக் செம்புக் குழாய்க்கு மாட்டுவாரே, கறுப்பு ஸ்பாஞ்ச் பைப், அதில் ஒரு அடி வாங்கிப் பழைய கார்பன் காலின் அடிக்குழாயில் செருகு. நான் மூன்று வருடமாக அப்படித்தான் பறக்கிறேன், ஒரு கிம்பலும் உடைந்ததில்லை.

இன்னொன்று, எடையையும் பார்த்துக்கொள். 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ வகை. வியாபாரம் இல்லாத சொந்தப் பயன்பாட்டுக்கு மைக்ரோவை ஓட்டச் சான்றிதழ் கேட்பதில்லை. அடுத்து எண்ணெய் ஷாக், பெரிய பேட்டரி என்று ஏற்றிக்கொண்டே போனால் 2 கிலோவைத் தாண்டிவிடுவாய்.


பழைய ஹாங்கர் எழுதியது:

தம்பி கரிசல்காடு, உன் பதிவில் எனக்குப் பிடித்தது, எல்லாவற்றையும் அளந்து எழுதியிருப்பது. 1,620 கிராம், 21 செ.மீ., 24 செ.மீ. இந்த மூன்றும் இருந்தால் மிச்சத்தைக் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடலாம். நீளமாக எழுதப் போகிறேன், பொறுமையாகப் படி.

நான் கடற்படையில் ஹெலிகாப்டர் பராமரிப்பில் இருந்தவன். அரக்கோணம் ராஜாளி தளத்தில்தான் அதிக வருடங்கள். சேத்தக் ஹெலிகாப்டரின் சக்கரக் கால்களைக் கழற்றி மாட்டிய கை இது. அதனால் கால் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதமான கருத்துகள் உண்டு.

முதலில், உனக்கு ஸ்பிரிங் எவ்வளவு தேவை என்று பார்ப்போம். லேண்ட் ஸ்பீட் 50 என்றால் நொடிக்கு அரை மீட்டர். அந்த வேகத்தில் தரையைத் தொடுவது, கையில் பிடித்து ஒன்றேகால் சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விடுவதற்குச் சமம். ஒரு விரல் கனம், அவ்வளவுதான். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் இறங்கினாலும் 5 செ.மீ. உயரத்திலிருந்து போட்ட மாதிரிதான். ஆக, ஒழுங்காக நடக்கும் தானியங்கி இறக்கத்துக்கு ஸ்பிரிங் கால் தேவையே இல்லை. உன் கிம்பல் தட்டு விரிந்த அன்றைக்கு வேகம் இதைவிட மிக அதிகமாக இருந்திருக்கும்.

அடுத்தது ஸ்பிரிங்கின் குணம். அது மோதலின் சக்தியை வாங்கி வைத்துக்கொண்டு, கிட்டத்தட்ட அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். சேத்தக்கின் காலுக்குள் இருப்பது ஓலியோ. அதில் எண்ணெய் சிறு துளை வழியாகப் பிதுங்கிப் போகும்போது மோதலின் சக்தி சூடாக மாறிக் கரைந்துவிடும். கால் அமுங்கும், பிறகு மெல்லத்தான் எழும். பைக்கின் ஷாக் அப்சார்பரில் எண்ணெய் ஒழுகிப்போனால் வண்டி எப்படிக் குதித்துக் குதித்துப் போகும் என்று பார்த்திருப்பாய். உன் ட்ரோன் எண்ணெய் இல்லாத ஷாக்கோடு நிற்கிறது. ஸ்பிரிங்கை மென்மையாக்கினாலும் விறைப்பாக்கினாலும் துள்ளலின் தாளம் மாறும், துள்ளல் போகாது.

இனி நீ கேட்ட தொடர்புக்கு வருகிறேன். பலர் கவனிக்காத இடம் இது. அரை மீட்டர் வேகத்தில் சீராக இறங்கும் ட்ரோனில் மோட்டார்கள் அதன் முழு எடையையும் சுமந்துகொண்டுதான் இருக்கின்றன. வேகம் மாறாமல் இறங்குகிறது என்றாலே தூக்கும் விசையும் எடையும் சமம். கால் தரையைத் தொட்டதும் அந்த விசை உடனே போய்விடாது, கன்ட்ரோலர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கும். இப்போது ஸ்பிரிங் உன் ட்ரோனை நொடிக்கு 35 செ.மீ. வேகத்தில் திருப்பி உதைக்கிறது என்று வை. மோட்டார் நின்றிருந்தால் அரை சென்டிமீட்டர் சொச்சம் எழும்பி விழுந்துவிடும், கண்ணுக்கே தெரியாது. ஆனால் மோட்டார்கள் எடையில் 90 சதவீதத்தைச் சுமந்துகொண்டிருந்தால், கீழே இழுக்க மிச்சம் இருப்பது பத்தில் ஒரு பங்கு எடை மட்டும்தான். அதே உதை 6 செ.மீ. உயரத்துக்குத் தூக்கும், முக்கால் நொடி அந்தரத்தில் வைத்திருக்கும். நீ பார்த்த மிதப்பு இதுதான். அந்த முக்கால் நொடியில் காற்று பக்கவாட்டில் தள்ளும், கால் போய் வெடிப்பில் உட்காரும், மீதி உனக்கே தெரியும்.

கிரவுண்ட் எஃபெக்ட் இதற்கு மேல் கொஞ்சம் சேர்க்கிறது. 1955ல் சீஸ்மேன், பென்னட் என்ற இருவர் ஹெலிகாப்டர் ரோட்டருக்கு ஒரு எளிய சூத்திரம் கொடுத்தார்கள். ரோட்டரின் ஆரத்தை, தரையிலிருந்து அதன் உயரத்தின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். வருவதை வர்க்கமாக்கி ஒன்றிலிருந்து கழித்து, அதைக் கொண்டு ஒன்றை வகுத்தால், அதே சக்தியில் தூக்கும் விசை எத்தனை மடங்கு ஆகிறது என்று தெரியும். உன் ப்ராப்பின் ஆரம் 12.7 செ.மீ. 21 செ.மீ. உயரத்தில் 2.3 சதவீதம் கூடுதல், அதாவது ஏறக்குறைய 37 கிராம். 24 செ.மீ.க்கு உயர்த்தியதும் 1.8 சதவீதம், 29 கிராம். மூன்று சென்டிமீட்டர் உயர்த்தி நீ சம்பாதித்தது 8 கிராம் வித்தியாசம். அதற்கு 84 கிராம் சுமக்கிறாய். ஆகவே இன்னும் உயர்த்தாதே. உயரக் கால் என்றால் எடை மையமும் மேலே போகும், கவிழ்வது சுலபமாகும். தரையோடு ஒட்டி நிற்கும் 5 இஞ்ச் ரேஸிங் குவாடின் கதை வேறு. அதன் ப்ராப் தரைக்கு 5 செ.மீ. மேலே சுற்றினால், அதே சூத்திரம் 11 சதவீதம் சொல்லும்.

இந்தக் கணக்கு ஒற்றை ரோட்டருக்குப் போட்டது. நான்கு ப்ராப் அடிக்கும் காற்று தரையில் மோதிப் பரவும்போது, நடுவில் ஒன்றோடொன்று முட்டி ஊற்று மாதிரி மேலே எழும்பி ஃப்ரேமின் வயிற்றில் இடிக்கும். அதனால் மல்டிரோட்டரில் கிரவுண்ட் எஃபெக்ட் ஒற்றை ரோட்டர் கணக்கைவிடக் கூடுதலாகவும், இன்னும் உயரத்திலிருந்தே தொடங்கியும் தெரியும். உன் பேட்டரியும் கேமரா தட்டும் அந்த ஊற்றின் நேர் மேலேதான் இருக்கின்றன.

அந்தக் காற்று செய்யும் பெரிய கெடுதல், என் அனுபவத்தில், தூக்குவது அல்ல. காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் பாரோமீட்டரை ஏமாற்றுவது. உன் எடையை நான்கு ப்ராப் வட்டத்தின் பரப்பால் வகுத்தால் ஏறக்குறைய 78 பாஸ்கல். நம் உயரத்தில் 12 பாஸ்கல் என்பது ஒரு மீட்டர் உயர வித்தியாசம். தரையருகே அழுத்தம் கூடும்போது அதில் கால் பங்கு சென்சாருக்குப் போனாலும், ட்ரோன் தான் ஒன்றரை மீட்டர் கீழே விழுந்துவிட்டதாக நம்பும். உடனே பதறிப்போய் த்ராட்டிலைக் கூட்டும். சரியாகக் கால் தொடும் நேரத்தில் இது நடந்தால், ஸ்பிரிங்கின் உதையும் கூடுதல் த்ராட்டிலும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும்.

லேண்ட் ஸ்பீடை 30 ஆக்கியதும் மோசமானதற்குக் காரணமும் இதுதான். கலங்கிய காற்றுக்குள் நிற்கும் நேரத்தை நீ கூட்டிவிட்டாய். இறங்கும் வேகம் சின்னதாக, பொய்க் கணக்கு பெரிதாகத் தெரிகிறது. அதோடு ஆர்டுகாப்டர் தரையிறங்கிவிட்டோம் என்று முடிவு செய்ய, த்ராட்டில் அடிமட்டத்தில் இருக்க வேண்டும், ஏறும் இறங்கும் வேகம் சொற்பமாக இருக்க வேண்டும், முடுக்கம் நொடிக்கு நொடி ஒரு மீட்டருக்குள் இருக்க வேண்டும், இவை அனைத்தும் ஒரு நொடி தொடர்ந்து நீடிக்க வேண்டும். முக்கால் நொடிக்கு ஒரு முறை துள்ளினால் அந்த ஒரு நொடி எங்கே கிடைக்கும்? மோட்டார் நிற்காது, துள்ளல் தொடரும்.

ஹெலிகாப்டர்காரர்கள் பயப்படும் கிரவுண்ட் ரெசனன்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாராவது கேட்பார்கள். சேத்தக்கில் மூன்று இறக்கைகள், ஒவ்வொன்றும் கீலில் முன்பின் அசையும். அவை வரிசை தப்பினால் ரோட்டரின் எடை மையம் நடுவை விட்டு நகர்ந்து சுற்றும். கால்களின் மேல் உடல் ஆடும் தாளமும் அந்தச் சுழற்சியும் ஒன்று சேர்ந்துவிட்டால், சில நொடிகளில் இயந்திரமே சிதறிவிடும். ஓலியோவில் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று நாங்கள் தினமும் பார்த்ததற்கு இதுவும் ஒரு காரணம். நம் ப்ராப்களில் கீல் இல்லை, அதனால் அதே வியாதி நமக்கு வராது. ஆனால் அதற்குத் தூரத்து உறவு ஒன்று வரும். நான்கு ஸ்பிரிங் மேல் நிற்கும் ட்ரோன் லேசாகச் சாய்ந்தால், சாய்வை உணரும் கைரோ அதைப் பார்த்து மோட்டாரால் திருத்தும், ஸ்பிரிங்கும் அதே நேரம் திருப்பித் தள்ளும், திருத்தம் அதிகமாகிவிடும், மறுபக்கம் சாயும். தரையில் நின்றபடியே ட்ரோன் உதறும். இதற்காகவே புதிய ஆர்டுகாப்டரில் ஏடிசி லேண்ட் ஆர் மல்ட், ஏடிசி லேண்ட் பி மல்ட் என்று இரண்டு அமைப்புகள் இருக்கின்றன. தரையில் இருக்கும்போது மட்டும் ரோல், பிட்ச் கெய்னை, அதாவது பக்கவாட்டுச் சாய்வையும் முன்பின் சாய்வையும் திருத்தும் வலிமையை, குறைப்பவை. 1 என்றால் குறைப்பு இல்லை, 0.25 வரை இறக்கலாம். உதறல் இருந்தால் மட்டும் தொடு.

நீ செய்ய வேண்டியது: லேண்ட் ஸ்பீடை மறுபடி 50க்குக் கொண்டு போ. தரைக்காற்றால் வரும் பாரோ பிழையைச் சமாளிக்கும் கிரவுண்ட் எஃபெக்ட் காம்ப் என்ற அமைப்பு 1ல் இருக்கிறதா என்று பார். பிக்ஸ்ஹாக் பெட்டிக்குள் பாரோ சிப்பின் மேல் காற்று புகும் ஸ்பாஞ்ச் இருக்க வேண்டும், க்ளோன் போர்டுகளில் சில சமயம் அது இருப்பதே இல்லை. காலை மாற்றும் முன் ஒரு சோதனை செய். ப்ராப் நான்கையும் கழற்றிவிட்டு, பேட்டரி இணைப்பையும் பிடுங்கிவிட்டு, 5 செ.மீ. உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் விட்டு, ஃபோனில் ஸ்லோமோஷனில் எடு. எத்தனை முறை எழும்புகிறது என்று எண்ணிச் சொல். ஒருமுறைக்கு மேல் எழும்பும் கால் உனக்கு வேண்டாம்.


கரிசல்காடு எழுதியது:

ஐயா, உங்கள் பதிவை அச்செடுத்துக் கடைச் சுவரில் ஒட்டிவிட்டேன். உடனே சோதித்துப் பார்த்தேன்.

ஸ்பிரிங் கால் 5 செ.மீ.யிலிருந்து விட்டதும் நான்கு முறை எழும்பியது. பழைய கார்பன் காலில் ஏசி ஸ்பாஞ்ச் மாட்டி விட்டதும் ஒருமுறை லேசாக எழும்பி உட்கார்ந்துவிட்டது. நாலுவிசிறி அண்ணனுக்கும் நன்றி.

ட்ரோனின் லாகையும் (பறப்புப் பதிவு) திறந்து பார்த்தேன். தரையிலிருந்து கிளம்பும் நொடியில் பாரோ உயரம் மைனஸ் 1.4 மீட்டர் காட்டியிருக்கிறது. கிரவுண்ட் எஃபெக்ட் காம்ப் 0ல் இருந்தது. யாரோ பகிர்ந்த பழைய அமைப்புக் கோப்பை அப்படியே ஏற்றியிருந்தேன், அதனுடன் வந்திருக்க வேண்டும். பெட்டியைத் திறந்தேன், பாரோ மேல் ஸ்பாஞ்ச் இல்லை.

ஒரு சந்தேகம். ஸ்பாஞ்ச் வைத்தாலும் வேகமாக இறங்கினால் கிம்பலுக்கு அடி படாதா? ரிமோட்டில் ஓடும் ஆர்சி காருக்கான எண்ணெய் போட்ட ஷாக் நான்கு வாங்கட்டுமா?


வயல்வரப்பு எழுதியது:

நான் தஞ்சாவூர்ப் பக்கம் மருந்து தெளிக்கும் ட்ரோன் ஓட்டுகிறேன், 10 லிட்டர் தொட்டி. எங்கள் இயந்திரங்களில் காலுக்கு ஸ்பிரிங் இல்லை. கார்பன் குழாய், நுனியில் ரப்பர், அவ்வளவுதான். பெரியவர் சொன்ன மிதப்பு எங்களுக்குத் தொட்டி காலியாகத் திரும்பும்போதுதான் அதிகம். பத்து கிலோ குறைந்த பிறகு அதே ப்ராப், அதே தரைக்காற்று, ட்ரோன் உட்காரவே மறுக்கும்.

இன்னொன்று நான் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டது. வரப்பின் விளிம்பில் இறக்காதே தம்பி. பாதி ப்ராப் வரப்புக்கு மேலேயும் பாதி ப்ராப் மூன்று அடி பள்ளமான வயலுக்கு மேலேயும் இருந்தால், வரப்புப் பக்கம் மட்டும் தரைக்காற்று தாங்கும். ட்ரோன் வயல் பக்கம் சாய்ந்து வழுக்கும். முதல் குறுவையில் சேற்றுக்குள் போனது என் ட்ரோன் ஒன்று. அதிலிருந்து 4க்கு 4 அடி ப்ளைவுட் பலகை ஒன்றை வண்டியிலேயே வைத்திருக்கிறேன். களத்திலோ ரோட்டோரத்திலோ நாலு பக்கமும் சமமாக இருக்கும் இடத்தில் போட்டு, அதில்தான் ஏற்றி இறக்குவேன். தூசியும் மோட்டாருக்குள் போகாது. உன் வெடிப்புப் பிரச்சினைக்கும் அதுவே போதும்.


பழைய ஹாங்கர் எழுதியது:

வயல்வரப்பு சொன்ன விளிம்பு விஷயம் மிக முக்கியம், நான் எழுத மறந்தது. வெடிப்பு நிலத்திலும் அதுவே நடக்கலாம். பெரிய பாளத்தின் ஓரத்தில் இறங்காதே.

எண்ணெய் ஷாக் வேண்டாம் தம்பி. அதைவிட எளிய வழி உண்டு. சின்ன செஸ்னா விமானங்கள் பலவற்றில் பிரதான சக்கரக் கால் என்பது வளைந்த ஸ்பிரிங் ஸ்டீல்தான், எண்ணெயும் கிடையாது, துள்ளலை அடக்கும் டேம்பரும் கிடையாது. இறங்கும்போது கால்கள் விரியும், டயர்கள் பக்கவாட்டில் தரையில் தேய்ந்து நகரும். அந்தத் தேய்மானம்தான் துள்ளலைத் தின்கிறது. நீயும் கால்களை நேராக நிறுத்தாமல் வெளிப்பக்கம் சாய்த்து வை, நுனியில் ஸ்பாஞ்ச். அமுங்கும்போது நுனி ஒரு சென்டிமீட்டர் வெளியே வழுக்கட்டும். சிமென்டிலும் ப்ளைவுட்டிலும் நன்றாக வேலை செய்யும்.

பெரிய அடிக்கு, காலை ஃப்ரேமோடு சேர்க்கும் போல்ட்டை நைலானில் போடு. ஹெலிகாப்டர் ஸ்கிட்களின் (சக்கரத்துக்குப் பதிலான சறுக்குக் கால்கள்) குறுக்குக் குழாய்கள் கடுமையாக இறங்கினால் வளைந்து அப்படியே நின்றுவிடும்படி வடிவமைக்கப்பட்டவை. குழாய் போகட்டும், உள்ளே இருப்பவர்கள் பிழைக்கட்டும் என்ற கணக்கு. உனக்குப் போல்ட் உடையட்டும், கிம்பல் பிழைக்கட்டும்.


கரிசல்காடு எழுதியது:

பதினெட்டு நாள் கழித்து எழுதுகிறேன். ரிப்பன் கேபிள் வரத் தாமதமாகிவிட்டது.

ஸ்பிரிங் கால்களைக் கழற்றிவிட்டேன். பழைய குழாய்களை 20 டிகிரி வெளியே சாய்க்கும் இணைப்பு ஒன்றைப் பிரிண்ட் செய்தேன். அடியில் ஏசி ஸ்பாஞ்ச், மேலே நைலான் போல்ட். மொத்த எடை இப்போது 1,571 கிராம். ப்ராப் உயரம் 20 செ.மீ. பாரோ மேல் ஸ்பாஞ்ச் வைத்த பிறகு கிளம்பும்போது வரும் பள்ளம் 1.4 மீட்டரிலிருந்து 0.5க்குக் குறைந்தது. காம்ப் 1, லேண்ட் ஸ்பீட் 50.

இதுவரை 22 முறை இறக்கியிருக்கிறேன். இருபதில் தொட்டதும் உட்கார்ந்துவிட்டது, சில நொடிகளில் மோட்டார் தானாக நின்றது. இரண்டில் ஒரு சின்னத் துள்ளல், இரண்டும் மதியக் காற்றில். தரையில் உதறல் இல்லை, அதனால் ஏடிசி அமைப்புகளைத் தொடவில்லை. வயல்வரப்பு அண்ணன் சொன்னபடி பலகையும் தயார். ஊர்த் தச்சரிடம் 3க்கு 3 அடியில் வெட்டி, நடுவில் வெள்ளைப் பெயின்ட்டில் வட்டம் போட்டிருக்கிறேன். அப்பாதான் அதைத் தலையில் வைத்துக் காட்டுக்குத் தூக்கி வருகிறார்.

நேற்று எடுத்த படத்தில் கிணற்றுக்கு மேற்கே இரண்டு சால் பருத்தி மட்டும் வெளிறித் தெரிகிறது. நாளைக் காலையில் காற்று எழும்புவதற்குள் அந்தப் பக்கம் தாழப் பறந்து எடுக்கப் போகிறோம்.